மலைமேல் ஒரு விளக்கு, நம் வராண்டாவில் ஒரு விளக்கு

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்கில் முப்பத்து நாலு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவன் நான். மைக் முன்னால் நிற்கப் பழக்கமில்லை. "பார்த்த தீபத் திருவிழாக்களைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். பயணக் கதை சொல்கிறேன். கடைசியில் ஒரு கணக்கையும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

2023 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகை தீபத்துக்கு நானும் வீட்டம்மாவும் திருவண்ணாமலை போனோம். திருப்பூர் வந்து, ஈரோடு, சேலம், செங்கம் வழியாகப் பஸ்ஸில் பயணம். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். அங்கிருந்து நடைதான். போகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலும், சட்டைப் பையில் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டும் கட்டாயம். அந்தக் கூட்டத்தில் செல்போன் டவர் கிடைக்காது.

விடியற்காலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு மலைமேல் மகா தீபம். மலையின் உயரம் 2,668 அடி. உச்சியில் ஆள் உயரக் கொப்பரை. அதற்கு 3,500 கிலோ அளவுக்கு நெய், 1,000 மீட்டர் அளவுக்குத் திரி. அந்தத் திரி என்ன துணி தெரியுமா? காடா துணி. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஓடுகிறதே, அதே ரகம். "நம்மூர்ச் சரக்குதாங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

மாலை ஐந்தரைக்கு மேல் யாரும் கீழே பார்க்கவில்லை. அத்தனை லட்சம் கழுத்தும் ஒரே பக்கம் நிமிர்ந்திருந்தது. கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிஷம் ஆடிக் காட்சி தருகிறார். கொடிமரத்தின் முன் தீபம் ஏற்றுகிறார்கள். அதே நேரம் மலை உச்சியில் ஒரு பொறி தெரிகிறது. "அரோகரா" என்ற சத்தம் காலடியில் தரை வழியாக வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் ஊரில் வீட்டு வாசல்களில் விளக்கு ஏற்றுகிறார்கள், காலையிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் வாயில் தண்ணீர் வைக்கிறார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது அதற்குப் பிறகு தெரிந்துகொண்ட விஷயம். தீபம் 11 நாள் எரிகிறது. ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. நெய்யைச் சுமப்பவர்கள், திரி போடுபவர்கள், இரவில் பார்த்துக்கொள்பவர்கள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. விளக்கை ஏற்றிவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. எரிந்து முடிந்த பிறகு கொப்பரையில் படிந்த கரியை எடுத்து மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாற்றி, பக்தர்களுக்கும் தருகிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு ஜப்பான் ஞாபகம் வந்தது. 2019 ஆகஸ்டில் மகள் ஒசாகாவில் இருந்தபோது எங்களைக் கியோத்தோவுக்கு அழைத்துப் போனாள். நமக்கு ஆடி அமாவாசை, மகாளயம் போல அவர்களுக்கு 'ஒபோன்'. வீட்டுக்கு வந்த முன்னோர்களை வழியனுப்ப ஆகஸ்ட் 16 இரவு ஊரைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் தீ மூட்டுகிறார்கள். எட்டு மணிக்கு முதல் மலையில் 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து வடிவத்தில் நெருப்பு தெரிந்தது. அரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது. கூட்டம் சத்தமே போடவில்லை. வீட்டம்மா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி அவளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

அங்கேயும் ஒவ்வொரு மலைக்கும் பொறுப்பான ஒரு சங்கம் உண்டு. விறகு அடுக்குவதும் மூட்டுவதும் அவர்கள்தான். மறுநாள் காலை ஜனங்கள் மலையேறிப் போய் மிஞ்சிய கரித்துண்டை எடுத்து, வெள்ளைத் தாளில் சுற்றி, காப்பாக வாசலில் கட்டிக்கொள்கிறார்கள். இங்கே மை, அங்கே கரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அதே திருவண்ணாமலை மலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். தீபம் டிசம்பர் 13. வல்லுநர்கள் மலையைப் பார்த்தார்கள். பக்தர்கள் யாரும் மேலே ஏறக்கூடாது என்று முடிவானது. முந்தின வருஷம் 2,500 பேருக்கு அனுமதி இருந்தது. அந்த வருஷம் வேலைக்குத் தேவையான ஆட்கள் மட்டும் போனார்கள். தீபம் எரிந்தது. வழக்கம் நிற்கவில்லை, ஏறும் கால்கள் மட்டும் குறைந்தன.

இப்போது நம் வராண்டாவுக்கு வருகிறேன்.

அதே டிசம்பர் 13 அன்று மூன்றாவது மாடியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பனியன் வேஸ்ட் மிதியடி பற்றி, எதிர் வீட்டு வாசல் திரைக்குத் தாவியது. பருத்தி எரிந்தால் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சொட்டும். நூல் வியாபாரம் செய்கிற நம் எல்லோருக்கும் இது தெரியும். அந்தத் திரை பாலியஸ்டர். உள்ளே நடக்க முடியாத அம்மா ஒருவர் படுத்திருந்தார். வாட்ச்மேன் மணல் வாளியோடு ஓடி வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படிக்கட்டில் பட்டாசு வெடித்த பிள்ளைகள்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு செய்தோம். அவர்கள் திட்டு வாங்கினார்கள். இந்த வருஷம் எண்ணெய் விளக்கே கூடாது என்று கமிட்டி சுற்றறிக்கை வந்திருக்கிறது.

அந்த விளக்கு எங்கள் வீட்டு விளக்குங்க. மிதியடியை ஒட்டி வைத்தவன் நான். வைத்துவிட்டு, டி.வி.யில் மலை தீபம் பார்க்க உள்ளே போனவனும் நான். அகல் கவிழ்ந்து மிதியடியில் எண்ணெய் ஊறிக் கிடந்ததைப் பிறகு பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவன், இதை ஒரு வருஷம் மறைத்து வைத்தேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். திரைக்கான பணத்தை எதிர் வீட்டில் வாங்க மறுத்துவிட்டார்கள். அதைச் சங்கத்தின் தீயணைப்பான் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றறிக்கையை மாற்றச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு யோசனை மட்டும் வைக்கிறேன். பேங்க் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. விளக்குக்கும் அப்படியே வைப்போம்.

வரும் கார்த்திகை தீபத்தன்று மாடி வராண்டாக்களில் எண்ணெய் விளக்கு வேண்டாம், பேட்டரி விளக்கு வைப்போம். கீழே பிள்ளையார் முன்னால் சிமென்ட் தரையில், வீட்டுக்கு ஓர் அகல் என்று எல்லோரும் சேர்ந்து ஏற்றுவோம். பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு தீயணைப்பான். கடைசி விளக்கு அணையும்வரை இரண்டு பேர் அங்கேயே இருக்க வேண்டும். கீழே இறங்க முடியாதவர்கள் வீட்டு அகலைப் பிள்ளைகள் வந்து வாங்கிப் போய் ஏற்றட்டும். எதிர் வீட்டு அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை நான் தள்ளுகிறேன்.

காவல் இருக்கும் இரண்டு பேரில் ஒரு பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர். இரண்டாவது ஆள் யார் என்று நீங்கள் சொல்லுங்கள்.