57 வயதில் திறந்த கதவு



மரியன் ஆண்டர்சன் என்ற பாடகியைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன். 1897இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், எளிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர். சிறுவயதிலேயே மரியன் தேவாலயப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கினார். 12 வயதில் தந்தையை இழந்தார். தாயின் உழைப்பில் குடும்பம் நடந்தது. மகளின் படிப்பு தள்ளிப்போனது.

அந்நகரின் ஓர் இசைப்பள்ளியில் சேரப் போனார். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. தேவாலயத்து மக்கள்தாம் காசு சேர்த்து அவரை இசை ஆசிரியரிடமும் பள்ளிக்கும் அனுப்பினார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 24.

1930களில் ஐரோப்பா அவரைக் கொண்டாடியது. ஆனால் 1939இல் தலைநகர் வாஷிங்டனின் பெரிய அரங்கொன்று நிறத்தைக் காட்டி மறுத்தது. ஏப்ரல் 9 அன்று, லிங்கன் நினைவகப் படிகளில் நின்று பாடினார். திறந்தவெளியில் 75,000 பேர் கேட்டார்கள்.

அப்போதும் ஒரு கதவு மூடியே இருந்தது. ஓபரா என்பது மேலைநாட்டு இசைநாடகம். பாடகரே பாத்திரமாகி நடிக்க வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கு 1883இல் திறக்கப்பட்டது. அதில் முக்கிய வேடத்தில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் மரியன். நாள் 1955 ஜனவரி 7. வெர்டியின் ஓபரா ஒன்றில் குறிசொல்லும் பெண் வேடம். அப்போது அவருக்கு வயது 57. குரலின் சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இழப்பை எந்தக் கைத்தட்டலும் ஈடுசெய்யாது.

எனினும், திறந்த கதவு மூடவில்லை. அதே மாதம் ராபர்ட் மெக்ஃபெரின் அங்கே பாடினார். 1961இல் லியோன்டைன் பிரைஸ் வந்தார். அப்போது அவருக்கு வயது 33தான்.

ஆசிரியர்களே, மரியனின் கதையை விடாமுயற்சிக்குச் சான்றாக மட்டும் மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள். திறமை அவரிடம் என்றும் இருந்தது. தாமதம் கதவருகே நின்றவர்களுடையது. நம் பள்ளியில் அந்த இடத்தில் நிற்பவர்கள் நாம். காலை வணக்கக் கூட்டத்தில் பாட எப்போதும் அதே மூன்று பிள்ளைகளையே அழைக்கிறோமா? சீருடை கசங்கிய பிள்ளையின் குரலை ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முன், வகுப்பில் எல்லாரையும் ஒருமுறை பாடவைத்துக் கேளுங்கள். ஒரு பாடவேளை போதும்.