எளிமை துறவன்று, கணக்கு!

(திருக்காட்டுப்பள்ளியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



"உளவழுத்தமின்றி எளிமையாக வாழ்வது எங்ஙனம்?" என்னும் தலைப்பை எனக்குத் தந்துள்ளீர்கள். இதனை வீட்டில் சொன்னபோது என் துணைவியார் சிரித்துவிட்டார். "நீங்களா அதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்றார். அச் சிரிப்பின் கரணியத்தைச் சொல்லாமல் நான் பேசத் தொடங்குவது முறையாகாது.

2016-ஆம் ஆண்டில் என் மூத்த மகளுக்குத் திருமணம் செய்தேன். பெரிய திருமணக்கூடம், மூன்று வேளை விருந்து, தெருவை அடைத்த பந்தல், ஒளிவிளக்கு. என் சேமிப்பெல்லாம் போக, 12 இலக்கம் உருபா கடன் வாங்கினேன். திங்கள்தோறும் 21,200 உருபா வீதம் 84 திங்கள் கட்டினேன். கூட்டிப் பாருங்கள்: 17,80,800 உருபா. வாங்கியதற்கு மேல் கட்டியது 5,80,800. குறளும் சிலம்பும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியன், கடன் வாங்கு முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை. கட்டி முடித்த பின்னரே போட்டுப் பார்த்தேன்.

அந்த ஏழாண்டும் நான் உறங்கிய உறக்கம் உறக்கமன்று. குருதி அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணத் தொடங்கினேன். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஒருநாள் குறிப்பேடு கொண்டுவராத மாணவன் ஒருவனை வகுப்பினர் முன்னிலையில் வாயில் வந்தபடி ஏசினேன். அவன் தலைகுனிந்து நின்றான்; மறுமொழி சொல்லவில்லை. அவன் தந்தை கூலிக்கு நடவு செய்பவர் என்பதையும், அத் திங்களில் ஆற்றில் நீர் வாராமையால் வேலையே இல்லை என்பதையும் பின்னர் அறிந்தேன். கடன் தவணைக்காக என் உள்ளத்தில் மூண்டிருந்த சினம், ஒன்றும் அறியாப் பிள்ளையின் தலையில் விழுந்தது. உளவழுத்தம் என்பது நம்மோடு நின்றுவிடும் நோயன்று. நம்மினும் எளியவரைத் தேடிப் போய்த் தாக்கும் நோய்.

சரி, அவ்வளவு செலவிட்டேனே, அதனால் மகளுக்காவது மகிழ்ச்சி கிட்டியதா? அண்மையில் அவளிடமே கேட்டேன். "அப்பா, அந்த நாளை நினைத்தால், நீங்கள் பணப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, உண்ணாமல் அங்குமிங்கும் ஓடியதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது" என்றாள். பெருமக்களே, 17 இலக்கத்து 80 ஆயிரம் உருபா கொடுத்து நான் வாங்கித் தந்த நினைவு அது!

எளிமை என்றவுடன் நம்மவர் பலர்க்குத் துறவு நினைவுக்கு வருகிறது. காட்டுக்குப் போவதும் கந்தை உடுப்பதும் இல்லறத்தார்க்கு ஆகாதவை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் வள்ளுவப் பேராசான் என்ன செய்தார்? செல்வம் வரும் வழி சிறிதாக இருப்பினும், அது போகும் வழி பெரிதாகாதவரை கேடில்லை என்னும் கருத்தை எந்த அதிகாரத்தில் வைத்தார்? துறவில் வைக்கவில்லை. பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தில் வைத்தார்! படையெடுக்கும் வேந்தன் தன் வலிமையை அளந்தறிய வேண்டும் என்று கூறும் இடத்தில், தன் செலவையும் அளந்தறிய வேண்டும் என்கிறார். ஆகவே எளிமை இயலாதவனின் ஒதுங்கல் அன்று. தன் வலிமை அறிந்தவனின் கணக்கு.

புறநானூற்றின் 189-ஆம் பாட்டும் இதையே வேறொரு வகையில் காட்டுகிறது. உலகாளும் வேந்தனுக்கும், இரவு பகல் உறங்காது விலங்கின் பின் ஓடும் வேடனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவுதாம் என்று கணக்கிட்டு, மிஞ்சும் செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என்று முடிக்கிறார் புலவர். அவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் ஆசிரியர். என் தொழில் செய்தவர் வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார், நான்தான் தவறவிட்டேன்.

பழங்காலத்தை விடுங்கள் என்பீர்கள். நம் தஞ்சை மண்ணில் 1892-இல் பிறந்தவர் சே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்காய்வுக் கல்வி கற்றவர். பம்பாயில் அத் தொழில் செய்து செல்வமாக வாழ்ந்தவர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்த பின் மேனாட்டு உடையைக் களைந்து கதருடுத்தார். 1934-இல் தொடங்கப்பெற்ற அனைத்திந்தியச் சிற்றூர்த்தொழிற் சங்கத்தைப் பல்லாண்டு நடத்தினார். நிலைபேறான பொருளியலைப் பற்றிச் சிறையிலிருந்து அவர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. அதில் அவர் நம் சொற்பிழை ஒன்றைத் திருத்துகிறார். பொருள்கள் மலிந்த வாழ்வை 'உயர்ந்த' வாழ்வு என்றும், சில பொருள்களோடு வாழ்வதைத் 'தாழ்ந்த' வாழ்வு என்றும் சொல்கிறோமே, அது பிழை; முன்னதைச் சிக்கலான வாழ்வு என்றும் பின்னதை எளிய வாழ்வு என்றும் சொல்வதே சரி என்பது அவர் கருத்து. கணக்கே தொழிலாகக் கொண்ட ஒருவர் கண்டு சொன்ன உண்மை இது. சொல்லைத் திருத்தினால் நோக்குத் திருந்தும் என்பதைத் தமிழன்பர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் அருகில் வருவோம். நமக்கு அண்மையிலுள்ள இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர் கோ. நம்மாழ்வார் ஐயா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, 1963-இல் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். மழையை நம்பிய ஏழை உழவனுக்கு, விலைகொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் நம்பிய ஆராய்ச்சி உதவாது என்று கண்டு 1969-இல் அப் பணியை விட்டார். அவர் உழவர்க்குச் சொன்னதன் சாரம் என்ன? வயலில் விளைவது எவ்வளவு என்று மட்டும் பாராதே. வயலுக்காகக் கடையில் வாங்குவது எவ்வளவு என்றும் பார். விதை வீட்டில் இருக்கட்டும். எரு தொழுவத்தில் இருக்கட்டும். கடைக்குப் போகும் காசு குறைந்தால் கடன் குறையும். கடன் குறைந்தால் உறக்கம் வரும். மேற்சட்டையின்றிப் பச்சைத் தலைப்பாகையோடு ஊர் ஊராகச் சுற்றி இதனைச் சொன்னார். 2013 திசம்பர் 30-ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பரப்புரை செய்துகொண்டிருந்த காலத்தில் மறைந்தார். கரூர் மாவட்டக் கடவூரில், வறண்ட நிலத்தில் அவர் உருவாக்கிய வானகத்திலேயே அவர் உடல் விதைக்கப்பெற்றது. எல்லா உழவரும் ஓராண்டில் அவர் வழிக்கு மாறிவிட இயலும் என்று நான் கூறவில்லை. கணக்குப் பார்க்கும் பழக்கத்தையேனும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எளிமை வேறு, இன்மை வேறு. உள்ளவன் அளவோடு வாழ்வது எளிமை. இல்லாதவனைப் பார்த்து "எளிமையாக இரு" என்பது கொடுமை. அந்நாள் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 திசம்பர் 25-ஆம் நாளிரவு எரித்துக் கொல்லப்பட்டனர். அந்த மண்ணில் நின்றுகொண்டு எவரும் ஏழைக்கு எளிமை கற்பிக்கத் துணியலாகாது. குறிப்பேடு வாங்க இயலாத என் மாணவனுக்கு இந்த உரையில் ஒரு சொல்லும் இல்லை. இது என்னைப் போன்ற ஊதியக்காரர்க்கும், நிலமுடையவர்க்கும், வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டார்க்கும் உரிய உரை.

நம் ஊரில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. வாய்க்கால் மட்டும் இருந்து வடிகால் இல்லாத வயலின் பயிர் அழுகும் என்பதை இங்குள்ள சிறுபிள்ளையும் அறியும். நம் வீடுகளுக்குள்ளோ வாய்க்கால்கள் பெருகிவிட்டன. கைப்பேசியில் விரல் பட்டால் பொருள் வருகிறது. அதே விரல் பட்டால் கடனும் வருகிறது. தேங்கியதை வடிக்கும் வழியைத்தான் அடைத்துவிட்டோம். மாலையில் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவது ஒரு வடிகால். திங்கள் முதல்நாளில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கூடியமர்ந்து வரவு செலவை எழுதுவது மற்றொரு வடிகால். என் வீட்டில் இப்போது அவ்வாறு எழுதுகிறோம். கடனை மறைத்து வைத்த நாளில் இருந்த அச்சம், அதை எழுதிப் படித்த நாளில் பாதி குறைந்தது.

ஆயினும் ஒரு வீடு தனியே எளிமையாக வாழ்வது கடினம். "ஊரார் என்ன சொல்வர்?" என்னும் அச்சமே நம்மைக் கடன்காரர் ஆக்குகிறது. அந்த ஊரார் யார்? நீங்களும் நானுந்தாம்! திருமண வீட்டில் நுழைந்தவுடன் "எத்தனைப் பவுன்?" என்று கேட்கிறோம்; பந்தியில் அமர்ந்து எத்தனைக் கறி என்று எண்ணுகிறோம். நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் மற்றொரு தந்தையின் தலையில் ஏறும் வட்டி.

ஆகவே உங்கள் முன்னிலையில் ஒன்றை அறிவிக்கிறேன். வரும் தையில் என் மகனுக்குத் திருமணம். பெண்வீட்டாரிடம் பொன்னோ பொருளோ கேட்கப் போவதில்லை. எங்கள் வீட்டு வாயிலில் சிறு பந்தல். ஒரு வேளை உணவு. குறள் ஓதித் தமிழில் மணவிழா. கடன் ஒரு காசும் இல்லை. என் அண்ணன்மார் இதை இன்னும் ஒப்பவில்லை. "குடும்ப மதிப்புப் போய்விடும்" என்கின்றனர். மூத்தவர்களைப் புண்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. முன்பு செய்த பிழையை மறுபடி செய்யவும் துணிவில்லை. அதனால்தான் அவையில் சொல்லிவிட்டேன். இனி நான் பின்வாங்கினால் நீங்கள் கேட்கலாம்.

அன்று வாருங்கள். வந்து பந்தலின் அளவைப் பார்க்காதீர்கள். மணமக்களின் முகத்தைப் பாருங்கள். முடிந்தால் என் முகத்தையும் பாருங்கள். இந்த முறை நான் உங்களோடு பந்தியில் அமர்ந்து உண்பேன்.