கைகள் சொல்லும் கதை



நான் இன்று யாரைப் பற்றிப் பேச வந்துள்ளேனோ, அந்தக் குழந்தை இப்பேச்சைக் கேட்க இயலாது. ஆகவே, அதன் தாய் தந்தையருக்கும் அம்மம்மாவுக்குமே இதனைச் சொல்கிறேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் படகேறும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்ளுங்கள். அம்மம்மா பேரப்பிள்ளைகளுக்குத் தலபுராணக் கதை சொல்கிறார். நாகபூஷணி அம்மனுக்கு வாயிற் பூவேந்திக் கடலில் நீந்தி வந்தது ஒரு நாகம். கருடன் அதனைக் கொல்ல வந்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் மற்றொரு கல்லில் அமர்ந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் நாகத்தைக் காத்தான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு கற்களை இன்றும் காட்டுவர்.

செவி கேட்கும் பிள்ளையின் கண்கள் வியப்பால் விரிகின்றன. அருகில் இருக்கும் செவிப்புலனற்ற பிள்ளைக்கோ கடல் தெரிகிறது. அம்மம்மாவின் உதடுகள் அசைவது தெரிகிறது. கதை மட்டும் தெரியவில்லை.

இது சிறிய இழப்பன்று. காரணத்தையும் விளைவையும், பிறர் மனத்தையும் குழந்தை கதை வழியாகவும் அறிகிறது. செவிப்புலனற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் செவி கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்று அமெரிக்கக் கணிப்பு ஒன்று காட்டுகிறது. இத்தகைய வீடுகள் பலவற்றில் சைகை மொழி அறிந்தவர் எவருமில்லை. 1912-இல் தென்னிலங்கையில் இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தோன்றியது. 1956-இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. பாடசாலையிற் கற்ற மொழி, விடுமுறையில் வீடு திரும்பும்போது கைகளுக்குள்ளேயே அடங்கிவிடலாகாது.

இதற்குக் கருவிகள் உதவுமா? உதவும். 2018-இல் ஐரோப்பாவில் ‘ஸ்டோரிசைன்’ என்னும் செயலி வெளிவந்தது. கைத்தொலைபேசியைக் கதைப்புத்தகத்தின் மேற் பிடித்தால், திரையில் ஓர் உருவம் தோன்றி, அப்பக்கத்தைச் சைகை மொழியிற் சொல்லும். இந்தியாவில் பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற 2020-இல் இரு அரச நிறுவனங்கள் உடன்படிக்கை செய்துகொண்டன.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சைகை மொழி உலகமெங்கும் ஒன்றன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல்லும் தனி இலக்கணமும் உண்டு. ஐரோப்பியச் சைகையில் வரும் கதை நம் பிள்ளைக்கு அயல்மொழியே. கருவி ஒரு படகு. அதில் ஏற்றவேண்டிய சரக்கு நம்முடையதாதல் வேண்டும்.

அச்சரக்கைத் தேட வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. சைகை மொழியிலேயே வளர்ந்த செவிப்புலனற்ற பெரியவர் ஒருவர் நாகத்தின் கதையைக் கைகளாற் சொல்லட்டும். அதனைத் தெளிவான வெளிச்சத்திற் படம்பிடித்து, கீழே எளிய தமிழ்ச் சொற்களை இடுவோம். கைத்தொலைபேசியில் ஒருமுறை சேமித்துவிட்டால், நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பிள்ளை வேண்டியபோதெல்லாம் கதையைக் காணலாம், எழுத்தையும் பழகலாம்.

அம்மம்மாவும் உடனிருந்து பார்க்கட்டும். நாகம், பூ, கருடன், கல், அம்மன் என்னும் ஐந்து சைகைகளை முதலிற் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த திருவிழாவுக்குப் படகேறும்போது, அந்தப் பிள்ளை அவரது உதடுகளைப் பாராது, கைகளைப் பார்க்கும்.