தண்ணீரும் ஒதுங்க ஓர் இடமும்



மரக்காணம் பக்கம் உப்பளத்தில் உப்பு சுமந்து பிள்ளைகளை வளர்த்தவள் நான். நான் வேலை பார்த்த அளத்தில் பெண்கள் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால காலையில இருந்தே தண்ணி குடிக்க மாட்டேன். நீர்க்கடுப்பு வந்தா, உடம்பு சூடுன்னு மோர் குடிச்சிட்டு மறுநாளும் வேலைக்குப் போயிடுவேன்.

அது வெறும் சூடு இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனப் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் ஆய்வு செய்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகம் வேலை செய்யும் திறன் குறைந்திருந்தது. வியர்வையாகப் போன தண்ணீர் திரும்ப உடம்புக்குள் போகலன்னா, இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஆரம்பத்தில் வலி இருக்காது. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால்தான் தெரியும். எனக்கும் அப்படிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் இதே பாடுதான். அங்கே சில தோட்டங்களில் வேலை நேரத்திலேயே தண்ணீர், ஓய்வு, நிழல் கொடுத்துப் பாதிப்பைக் குறைத்திருக்கிறார்கள். நமக்கு நாலாவதா ஒண்ணு வேணும், கழிப்பறை. அது இல்லாம "நிறைய தண்ணி குடிம்மா"ன்னு சொன்னா எப்படிக் குடிக்கிறது?

இந்த நான்கையும் கேட்டு இன்றைக்கே தீர்மானம் போடுவோம். அளத்துக்குப் போகும் ஒவ்வொருத்தியும் அரசு மருத்துவமனையில் கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் தவணைத் தேதியை மறக்காத நாம, நம்ம உடம்பை மட்டும் மறக்கலாமா?