கலங்கரை விளக்கமும் கைப்பேசிப் படமும்



கேமரா தரும் 'ரா' படம், மரத்திலிருந்து இறங்கிய பால் மாதிரி. மங்கலாகத்தான் இருக்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் இருட்டில் கிடந்த பாறையும் தெரியும். ஷீட்டான பால் மறுபடி பாலாகாது. 'ரா' படமோ எத்தனை தடவை திருத்தினாலும் அசல் அப்படியே இருக்கும். ஆகவே துணிந்து செய்யுங்கள்!

ஜொகூரின் தென்கிழக்கு முனைக்கு அப்பால், பத்து பூத்தே பாறையில் நிற்கிறது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். தாம்சன் என்பவர் புலாவ் ஊபின் கருங்கல்லில் கட்டினார். 1851-இல் விளக்கு எரிந்தது. (பாறை சிங்கப்பூருக்கே என்று 2008-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்த்துவிட்டது. விளக்கு எல்லார் கப்பலுக்கும்தான்.) அதைப் படம் பிடித்தால் வானத்தைச் சிவப்பாக்குங்கள், சாய்ந்த கடலை நேராக்குங்கள். ஆனா, கோபுரத்தின் கறுப்பு வெள்ளைப் பட்டையை அழகுக்காக அழிச்சிடாதீங்க! பகலில் மாலுமிக்கு அடையாளமே அந்தப் பட்டைதான். அது போனால் ஏதோ ஒரு கோபுரம், ஹார்ஸ்பர்க் அல்ல.

தாய்மார்களே, பிள்ளை கைப்பேசியோடு உட்கார்ந்தால் உடனே திட்டாதீங்க. எடுத்த படத்தையும் திருத்தின படத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டச் சொல்லுங்க. எதை மாத்தினே, ஏன் மாத்தினேன்னு கேளுங்க.