நிலைகொள்ளாத தீவுகள்



நிலப்படத்தில் தீவு ஓர் அசையாப் புள்ளி. ஸ்காண்டிநேவிய மக்களின் பழங்கதைகளிலோ அது மிதக்கும், மூழ்கும், நாடிச் சென்றால் மறையும். அக்கதைகளுள் சிலவற்றை இன்று சொல்ல விழைகின்றேன்.

பால்டிக் கடலில் ஸ்வீடனுக்குரிய கோட்லாந்து என்னும் பெருந்தீவு உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த குட்டா சாகா என்னும் நூல் அதன் தொடக்கத்தைக் கூறுகின்றது. மாயத்துக்கு ஆட்பட்ட அத்தீவு பகலில் அமிழ்ந்து இரவில் எழுமாம். தியெல்வார் என்பவன் முதன்முதலாக அங்கே தீயைக் கொண்டுசென்றான். அதன்பின் அது மூழ்கவேயில்லை. தீ இருந்தால் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் குடி நிலைக்கும். குடி நிலைத்த பிறகே மண்ணும் நிலைத்தது என்பதே இதன் குறிப்பு என நான் கொள்கின்றேன்.

பாரோ தீவுகளுள் ஒன்றான ஸ்வீனொயும் ஒரு காலத்தில் மிதந்து திரிந்ததாம். அங்கே போய்வந்த பெண்பன்றியின் வாலில் சாவிக்கொத்தைக் கட்டிவிட்டார்கள். இரும்பு பட்டதும் தீவு நின்றுவிட்டது. நீங்கள் நகைக்கலாம். ஆயினும் பாருங்கள், இங்கும் ஒரு வீட்டுப் பொருளே நிலத்தை நிறுத்துகின்றது.

நிற்காத தீவு ஒன்றும் உண்டு. நார்வேயின் லொபோட்டன் தீவுகளுக்கு அப்பால், கடலுக்குள் மறைந்திருப்பதாக மீனவர் நம்பிய ஊட்ரஸ்ட் அது. கரை திரும்பும்போது சுக்கானில் வைக்கோல் சிக்கியிருந்தாலும், மீன் வயிற்றில் பார்லி மணி கிடந்தாலும், ஊட்ரஸ்டின் வயலுக்கு மேலே படகு வந்ததென்பர். அஸ்பியர்ன்சன் 19ஆம் நூற்றாண்டில் எழுதி வெளியிட்ட கதையில், புயலில் திசை தப்பிய ஏழை மீனவன் ஒருவனுக்கு அத்தீவு காட்சி தருகின்றது. அவன் கரையருகே கண்ட மூன்று நீர்க்காகங்கள் தீவுக் கிழவரின் மைந்தர்களே! அங்கே வயல் விளைந்திருக்கும், மீனுக்குக் குறைவில்லை.

பாறையும் பனியும் சூழ்ந்த கரையில், ஒரு பிடி தானியத்துக்கு ஏங்கியவர்களின் கனவு இது. புயலுக்குப் பின் படகு திரும்பாத வீடுகளில் இக்கதையை எவ்வாறு கேட்டிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஏக்கத்தைப் போலவே அச்சமும் தீவைத் தேடிக்கொண்டது. ஸ்வீடனின் கால்மார் நீரிணையில், நீலக் கன்னி எனப் பொருள்படும் பெயருடைய ஒரு பாறைத் தீவு இருக்கின்றது. சூனியக்காரிகள் கூடும் புளோக்குல்லா அதுவே எனப் பலர் நம்பினர். 1668 முதல் 1676 வரை நடந்த வழக்குகளில், தங்களைப் புளோக்குல்லாவுக்குத் தூக்கிச் சென்றதாகக் குழந்தைகள் சாட்சி கூறினர். ஏறத்தாழ 300 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. 1676இல் ஸ்டாக்ஹோமில் சாட்சிக் குழந்தைகள் தாம் சொன்னது பொய் என ஒப்புக்கொண்டனர், வழக்குகள் ஓய்ந்தன.

1926 முதல் அத்தீவு தேசியப் பூங்கா. அங்கிருந்து கல்லெடுத்தால் கேடு சூழும் என்னும் நம்பிக்கை மட்டும் ஓயவில்லை. எடுத்துச் சென்ற கற்களை அஞ்சலில் திருப்பி அனுப்புவோர் இன்றும் இருக்கின்றனர்.