தாமரை இலையாகும் உலோகம்

மழை விட்டபின் கொல்லையில் நிற்கும் சேம்பிலையைப் பார்த்திருப்பீர்கள். நீர் முத்து முத்தாகத் திரண்டு உருளும், இலை நனையாது. தாமரை இலையும் அப்படித்தான். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத மேடுகளும், அவற்றின் மீது மெழுகும் உண்டு. மேடுகளுக்கிடையே காற்றுத் தங்குவதால், நீர்த்துளி பெரும்பாலும் காற்றின் மீதே அமர்ந்திருக்கிறது!

எதையும் பூசாமலே உலோகத்தை இப்படி ஆக்க முடியுமா? முடியும் என்று 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோவும் அனதோலி வோரோபியேவும் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டவை பிளாட்டினம், டைட்டானியம், பித்தளை. உளியாக அமைந்தது லேசர் ஒளி.

லேசர் இரும்பையே அறுக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் நீண்ட நேரம் பட்டால் வெப்பம் பரவி, உலோகம் மெழுகுபோல் உருகி வழிந்துவிடும். ஆகவே ஒளியைத் துடிப்புத் துடிப்பாக, மிகமிகக் குறுகிய நேரத்துக்கே பாய்ச்சுகிறார்கள். ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால், ஒரு கூறுதான் பெம்டோ வினாடி. வினாடிக்குப் பூமியை ஏழரை முறை சுற்றிவரக்கூடிய ஒளி, நூறு பெம்டோ வினாடியில் 0.03 மில்லிமீட்டரே நகர்கிறது. தலைமுடியின் தடிப்புக்கூட இல்லை!

அந்நேரத்தில் ஒளியின் ஆற்றலை மின்னணுக்கள் வாங்கிக்கொள்கின்றன. வெப்பம் அக்கம்பக்கம் பரவுமுன் மேல்தோல் மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுகிறது. எஞ்சுவது உழுத வயல் போன்ற பள்ளங்கள்; அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய முகடுகள். லேசர் பட்ட இடத்தில் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய இடைவெளியில் வரிகள் விழுவதும் உண்டு. இதை 1965ஆம் ஆண்டிலேயே பிர்ன்பாம் என்பவர் குறைகடத்திகளில் கண்டு எழுதியிருக்கிறார்.

பயன் என்ன? டெஃப்லான் பூசிய தகட்டை ஏறக்குறைய 70 பாகை சாய்த்தால்தான் நீர் வழியும். இந்த உலோகத்துக்கு 5 பாகைக்கும் குறைவே போதும். விழும் துளி பந்துபோல் துள்ளி, தூசியையும் அள்ளிச் செல்கிறது. பூச்சு தேய்ந்து உரியுமோ என்ற கவலையும் இல்லை. இங்கு மாற்றம் உலோகத்திலேயே அல்லவா செய்யப்பட்டிருக்கிறது? துருவையும் பனிக்கட்டி படிவதையும் தடுக்க இது உதவலாம். தண்ணீர் அரிதான ஊர்களின் கழிப்பறைகளுக்கும் ஏற்றது என்று அவ்விருவர் கருதினர்.

இடையூறு நேரந்தான். ஒரு சதுர அங்குலத்துக்கு அன்று அவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு சதுர அடித் தகட்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: 144 மணி நேரம், அதாவது இரவு பகலாக ஆறு நாள்!